குப்பைக் கிடங்கில் தீ அணைந்த பிறகு யாரிடம் என்ன கேட்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. ஊரை ஒட்டியிருக்கும் நகராட்சிக் குப்பைக் கிடங்கு கோடைதோறும் எரிகிறது. மூன்று நான்கு நாள் ஊரே புகையில் கிடக்கிறது. நகராட்சியைக் கேட்டால் ‘மர்ம நபர்கள் தீ வைத்துவிட்டார்கள்’ என்கிறார்கள். பத்திரிகைகளில் மறுநாள் ஒரு படம், அதற்கடுத்த நாள் ஒரு பெட்டிச் செய்தி, அதோடு சரி. இதற்கு யார் பொறுப்பு, நகராட்சியையும் ஊடகத்தையும் எப்படிப் பதில் சொல்ல வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தீப்பிடித்த அன்று காட்டும் கோபத்தால் யாருடைய நாற்காலியும் அசைவதில்லை. தீப்பிடிப்பதற்கு முந்தைய பதினோரு மாதங்களில் எழுத்தில் என்னென்ன இருந்திருக்க வேண்டும், அவற்றில் யார் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்று தேடிப் போனால்தான் ஒரு பெயரில் போய் நிற்க முடியும். பத்திரிகைகளுக்கும் இதே வழிதான். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த ‘மர்ம நபர்’. குவியலுக்குள் காற்றுப் புகாமல் மக்கும் உணவுக் கழிவிலிருந்து மீத்தேன் வருகிறது. கிடங்கிலிருந்து வெளியேறும் வாயுவில் ஏறக்குறையப் பாதி அதுதான். காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை மீத்தேன் கலந்திருந்தால் ஒரு பொறி போதும். அடியில் கனலும் சூடும் மேலே கிடக்கும் பிளாஸ்டிக்கும் துணியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். மேலே தண்ணீர் அடித்து அணைத்த தீ இரண்டு நாள் கழித்து வேறொரு மூலையில் கிளம்புவதும் அதனால்தான். யாரோ பீடியைப் போட்டிருக்கலாம், செம்புக் கம்பிக்காக யாரோ ஒயரைக் கொளுத்தியிருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பீடி விழுந்தால் ஊரே புகையும் அளவுக்கு அந்த இடத்தை வைத்திருந்தது யார் என்ற கேள்வி அதனால் மறைந்துவிடாது. 2026 மார்ச் வரை நடப்பில் இருந்த 2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பை நிரப்பும் தளத்தில் மீத்தேன் அளவு வெடிப்பு எல்லையின் கீழ்வரம்பில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்றன. காற்றில் 1.25 விழுக்காடு என்று கணக்கு வரும். இந்த வரம்பு எழுத்தில் இருக்கிறது என்றால் அளந்து பார்க்கும் கடமையும் யாருக்கோ இருக்கிறது. கடைசியாக என்றைக்கு அளந்தார்கள்? உங்கள் முதல் கேள்வி இதுதான். ‘மர்ம நபர்’ என்ற பதில் இந்தக் கேள்விக்குப் பொருந்தவே பொருந்தாது.

கிடங்கில் பொறுக்கிப் பிழைப்பவர்கள் மேல் பழியைப் போடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அவர்கள் வெளியே எடுக்கும் ஒவ்வொரு மூட்டை பிளாஸ்டிக்கும் எரியாமல் போன பிளாஸ்டிக். உங்கள் குழு அவர்களை எதிரியாக்கிக்கொள்ள வேண்டாம். உள்ளே எங்கே புகைகிறது, ராத்திரியில் எந்த வண்டி வந்து எதைக் கொட்டிவிட்டுப் போகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பொறுப்பு யாருடையது என்பதில் நம் ஆட்களுக்கு ஒரு குழப்பம் உண்டு. நகராட்சி ஒப்பந்ததாரரைக் காட்டும், ஒப்பந்ததாரர் நகராட்சியைக் காட்டுவார், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ‘நோட்டீஸ் கொடுத்துவிட்டோம்’ என்று ஒதுங்கும். விதிகளைப் புரட்டினால் இந்த விளையாட்டுக்கு அவ்வளவு இடமில்லை. சேகரிப்பது, பிரிப்பது, பதப்படுத்துவது, மிச்சத்தை அப்புறப்படுத்துவது எல்லாம் உள்ளாட்சியின் கடமை. வேலையை ஒப்பந்தத்துக்கு விடலாம், கடமையை விட முடியாது. பழைய திறந்தவெளிக் கிடங்குகளை ஆராய்ந்து, பயோமைனிங், அதாவது பழைய குப்பையைக் கிளறிச் சலித்துப் பிரித்து இடத்தை மீட்கும் வேலை, செய்யத் தகுந்தவற்றில் அதைச் செய்ய வேண்டியதும் உள்ளாட்சிதான். விதிகள் நடைமுறைப்படுத்தப்படுகின்றனவா என்று வாரியம் ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஆய்வு செய்ய வேண்டும். மாவட்ட ஆட்சியர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது உள்ளாட்சிகளின் குப்பை வேலையைப் பரிசீலிக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயம் பலருக்கும் தெரியாது. அந்தக் கூட்டங்களின் குறிப்பைக் கேட்டுப் பாருங்கள். கூட்டம் நடந்திருந்தால் உங்கள் கிடங்கைப் பற்றி என்ன பேசினார்கள் என்று தெரியவரும். நடக்கவில்லை என்றால் பொறுப்புப் பட்டியலில் இன்னொரு பெயர் சேர்கிறது.

2024 டிசம்பரில் ஒன்றிய அரசு இந்த விதிகளுக்குப் பதிலாகப் புதிய வரைவை வெளியிட்டது, 2026 ஏப்ரல் 1 முதல் புதிய விதிகள் நடப்புக்கு வந்துவிட்டன. இங்கே நான் சொல்லும் கடமைகளும் படிவ எண்களும் 2016 விதிகளின்படியானவை. மனு எழுதும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறதோ அதன் எண்ணைப் போட்டு எழுதுங்கள். ஏற்கெனவே நடந்த தீவிபத்துகளுக்கு அன்றைக்கு நடப்பில் இருந்த விதிதான் அளவுகோல்.

இனி காகிதங்கள். கிடங்கு தொடர்பாக நகராட்சியில் இருந்தே தீர வேண்டிய ஆவணங்கள் சில உண்டு. நாளொன்றுக்கு ஐந்து டன்னுக்கு மேல் கையாளும் இடம் என்றால் வாரியத்திடம் வாங்கிய அங்கீகாரம் இருக்க வேண்டும். அதற்கு ஒரு காலவரம்பும் நிபந்தனைகளும் உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 30க்குள் நகராட்சி தயாரித்துக் கொடுக்க வேண்டிய படிவம் 4 என்ற ஆண்டறிக்கை இருக்கிறது. எத்தனை டன் வந்தது, எவ்வளவு பிரிக்கப்பட்டது, எவ்வளவு கொட்டப்பட்டது என்று அவர்களே எழுதிக் கொடுத்த கணக்கு அதில் இருக்கும். ‘நூறு விழுக்காடு தரம் பிரிக்கிறோம்’ என்று அதில் எழுதியிருந்தால், கலந்து கொட்டும் லாரியின் படம் ஒன்றே போதும். முறையான குப்பை நிரப்பும் தளம் என்றால் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள் நிலத்தடி நீரைக் கோடை, மழைக்காலம், மழைக்குப் பின் என்று பருவந்தோறும் சோதித்த அறிக்கைகளும் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது படிவம் 6. குப்பைத் தளத்தில் விபத்து ஏற்பட்டால் பொறுப்பு அதிகாரி உள்ளாட்சிக்கு அந்தப் படிவத்தில் அறிக்கை தர வேண்டும், உள்ளாட்சி அதைப் பரிசீலித்து உத்தரவு போட வேண்டும் என்று விதி இருக்கிறது. கோடைதோறும் தீ என்றால் கோடைதோறும் ஒரு படிவம் 6 இருக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள். ‘அப்படி ஓர் ஆவணம் இவ்வலுவலகத்தில் இல்லை’ என்று பதில் வந்தால் சோர்ந்து போகாதீர்கள். அலுவலக முத்திரையோடு வந்த அந்த ஒரு வரியைவிட வலுவான சாட்சி உங்கள் வழக்குக்கு வேறு கிடைப்பது கடினம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனுப் போடும்போது ‘ஏன்’ என்று கேட்காதீர்கள். ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்ற கேள்விக்கு விளக்கம் எழுதித் தரும் கட்டாயம் பொதுத் தகவல் அலுவலருக்குக் கிடையாது. இருக்கும் ஆவணத்தைத் தருவதுதான் அவர் வேலை. ‘இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை, இன்ன கிடங்கு தொடர்பான படிவம் 4, படிவம் 6 ஆகியவற்றின் நகல், எடைமேடைப் பதிவேட்டின் நகல், மீத்தேன் அளவீட்டு அறிக்கைகளின் நகல்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ மழுப்பலாக வந்தாலோ முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் தீராவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் காத்திருப்பு நீளும் என்பதால் அங்கேயே எல்லா முட்டையையும் வைக்காதீர்கள். ஒரே கேள்வியை நகராட்சிக்கும் வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் தனித்தனியாக அனுப்பினால் இரண்டு பதிலும் ஒத்துப்போவது அபூர்வம். அந்த முரண்பாடே செய்தி.

பலரும் பயன்படுத்தாத ஒன்று: அந்தச் சட்டத்தின் பிரிவு 2(ஜே) ஆவணத்தைப் பார்வையிட மட்டும் அனுமதிக்கவில்லை. வேலை நடக்கும் இடத்தைப் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. கிடங்குக்குள் போய்ப் பார்க்க, அங்கே தேங்கி நிற்கும் கறுப்புக் கசிவுநீரின் மாதிரியை எடுக்க மனுப் போடலாம். மறுத்தால் எழுத்தில்தான் மறுக்க வேண்டும்.

நகராட்சிக்கு வெளியேயும் சாட்சி இருக்கிறது. தீயணைப்பு நிலையத்தில் ஒவ்வோர் அழைப்புக்கும் நேரம், இடம், போன வண்டி, அனுமானிக்கப்பட்ட காரணம் எல்லாம் பதிவாகும். அதைக் கேட்டு வாங்கினால் ‘ஒரே ஒரு தடவைதான் எரிந்தது’ என்ற பேச்சு நிற்காது. நாசாவின் தீ வரைபடத்தில் பழைய ஆண்டுகளின் வெப்பப் புள்ளிகளை எவரும் இலவசமாகப் பார்க்கலாம். சின்னத் தீ அதில் தெரியாமல் போகலாம், பெரிய தீ பெரும்பாலும் மாட்டிவிடும். நீங்கள் செல்போனில் எடுக்கும் படங்களில் தேதியும் இடமும் பதிவாகும்படி அமைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் அந்த விவரம் போய்விடும், அதனால் மூலப்படத்தை அழிக்காதீர்கள்.

நகர்மன்றக் கூட்டத்தின் தீர்மான நகலை யாரும் சீந்துவதில்லை. கோவை வெள்ளலூர்க் கிடங்கு 2024 ஏப்ரலில் பற்றிப் பல நாள் எரிந்தது நினைவிருக்கும். அதை அணைக்க ஆன செலவு மாமன்றத்தின் ஒப்புதலுக்கு வந்தபோதுதான் ஊர் வாயைப் பிளந்தது. மொத்தம் 76 லட்சத்துக்கும் மேல், அதில் டீ, காபி, சாப்பாடு என்ற வகையில் மட்டும் 27 லட்சத்துக்கும் மேல். அந்தத் தொகை நியாயமா இல்லையா என்பது வேறு விவாதம்; பல நாள் பலர் வேலை செய்தார்கள், சாப்பாடு போடத்தான் வேண்டும். நான் சொல்ல வருவது, இந்தக் கணக்கு எந்தப் புலனாய்வாலும் வெளிவரவில்லை. செலவுக்கு மன்றத்தின் ஒப்புதல் தேவை, ஒப்புதலுக்கு வைத்தால் கணக்கு அச்சில் வந்துதான் ஆக வேண்டும். உங்கள் நகராட்சியிலும் தீயணைத்த செலவு ஏதோ ஒரு தீர்மானமாக வந்திருக்கும். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் அஜெண்டா நகல் இருக்கும், ஆளுங்கட்சிக்காரர் தயங்கினால் எதிர்க்கட்சிக்காரர் தருவார். தீயணைக்க ஆண்டுதோறும் எவ்வளவு, தடுப்பதற்கு எவ்வளவு என்று இரண்டு எண்ணை அருகருகே வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

கிடங்கில் பயோமைனிங் நடக்கிறது என்றால் கூடுதல் கவனம் வேண்டும். சென்னையில் பெருங்குடியில் சுமார் 225 ஏக்கருக்கு 350 கோடி ரூபாய், கொடுங்கையூரில் சுமார் 250 ஏக்கருக்கு 640 கோடி என்று இந்தத் திட்டங்களில் புழங்கும் பணம் சின்னதல்ல. எத்தனை டன் கிளறிச் சலித்தார்கள் என்பதை வைத்துத்தான் ஒப்பந்ததாரருக்குப் பணம். எனவே எடைமேடைச் சீட்டு, அளவீட்டுப் புத்தகம், பிரித்தெடுத்த எரிபொருள் கழிவை எந்த சிமென்ட் ஆலை வாங்கியது என்பதற்கான ரசீது, மண் எங்கே போனது என்ற பதிவு, இந்த நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். கிடங்கின் ஒரு மூலையில் சலித்த மிச்சத்தை இன்னொரு மூலையில் கொட்டி ‘மீட்டுவிட்டோம்’ என்று காட்டும் சாத்தியம் இருக்கும் வேலை இது. மீட்டுக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் தினமும் புதுக் குப்பை வந்து விழுகிறதா என்றும் பாருங்கள். அப்படி விழுந்தால் அந்த வேலை ஆயுளுக்கும் முடியாது.

காகிதம் கையில் சேர்ந்தபின் எங்கே போவது? திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அங்கே தீர்வு கிடைப்பது அரிதுதான், ஆனால் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று பிறகு சொல்ல முடியாது. பொதுத்தொல்லை என்ற அடிப்படையில் கோட்டாட்சியரிடம், அதாவது ஆர்.டி.ஓ.விடம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் மனுச் செய்யலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133 ஆக இருந்தது அது. வக்கீல்களே மறந்துவிட்ட வழி என்று தோன்றும், ஆனால் இதன் கீழ் வந்த ரத்லாம் நகராட்சி வழக்கில்தான் 1980 இல் நீதிபதி கிருஷ்ண ஐயர், பணமில்லை என்று சொல்லி ஒரு நகராட்சி தன் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று தீர்ப்பளித்தார். ‘நிதி ஒதுக்கீடு வரவில்லை சார்’ என்று பொறியாளர் சொல்லும்போது இந்த வழக்கின் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது தேசிய பசுமைத் தீர்ப்பாயம். தென்மண்டல அமர்வு சென்னையில்தான் இருக்கிறது. சாதாரண மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். காலவரம்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்: பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், தக்க காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள். இழப்பீடு கேட்பதாக இருந்தால் ஐந்து ஆண்டு. ஏப்ரலில் எரிந்ததற்கு நவம்பரில் விழித்தால் காரணம் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கும்.

தீர்ப்பாயத்தின் உத்தரவுகளில் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். 2023 மார்ச் 2 அன்று கொச்சி பிரம்மபுரம் கிடங்கு பற்றி எரிந்து நகரமே ஒன்றரை வாரத்துக்கு மேல் மூச்சுத் திணறியது. அந்த மாதமே தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் விதித்தது. கேட்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் அது யார் பணம்? புகையைச் சுவாசித்த அதே மக்களின் வரிப்பணம். குப்பை விதிகளை மீறும் உள்ளாட்சிகள் மக்கள்தொகைக்கு ஏற்ப மாதம் ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை கட்ட வேண்டும் என்று 2020 இல் தீர்ப்பாயம் போட்ட உத்தரவுக்கும் இதே கதிதான்: அரசின் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு. அதனால் உங்கள் மனுவின் வேண்டுதலில் தொகையை மட்டும் கேட்காதீர்கள். எந்தப் பதவியில் யார் இருந்த காலத்தில் எந்தக் கடமை தவறியது என்று துறை விசாரணை நடத்தி, அந்த அறிக்கையைப் பொதுவில் வைக்க உத்தரவிடும்படி கேளுங்கள். ஆணையர்கள் இரண்டு மூன்று ஆண்டில் மாறிவிடுவார்கள். யார் எப்போது இருந்தார் என்ற பட்டியலை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊடகத்துக்கு வருகிறேன். அவர்களை நீங்கள் கொஞ்சம் அதிகமாகவே திட்டியிருக்கிறீர்கள், பாதி நியாயம்தான். ஒரு செய்தி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மும்பை தேவ்நார் ஓர் எடுத்துக்காட்டு. 2016 ஜனவரியில் அந்தக் கிடங்கு எரிந்தபோது புகை செயற்கைக்கோள் படத்திலேயே தெரிந்தது. பிறகு அங்கே குப்பையை யார் கட்டுப்படுத்துகிறார்கள், பணம் எங்கே போகிறது என்று ஓர் இணையச் செய்தித்தளம் கட்டுரை வெளியிட்டது. அதை வைத்தே பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கெடுத்து மாநகராட்சிக்கு ஐந்து கோடி விதித்தது. தானாக வழக்கெடுக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமே இல்லை என்று மாநகராட்சி உச்ச நீதிமன்றம் போனது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அதிகாரம் உண்டு என்று சொல்லிவிட்டது. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி எரிந்தபோதும் பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத் தீர்ப்பாயம் தானாகவே கையிலெடுத்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே அந்தக் கிடங்கு உட்கார்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. அதே ஆண்டு அந்தச் சதுப்பு நிலத்துக்கு, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதியும் கிடைத்தது.

அப்படியானால் உங்கள் ஊர்ச் செய்தி மட்டும் ஏன் பெட்டிச் செய்தியாகவே முடிகிறது? தாலுகா நிருபரின் நிலையை யோசித்துப் பாருங்கள். பலருக்குச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. நாளுக்கு இத்தனை செய்தி என்று அனுப்ப வேண்டும், விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும். நகராட்சியின் டெண்டர் அறிவிப்பும் வாழ்த்து விளம்பரமும் சின்னப் பத்திரிகைகளுக்குக் கணிசமான வருமானம். ஆணையரைப் பகைத்தால் நாளைக்குத் தகவல் கிடைக்காது. இந்த நிலையில் அவரிடம் போய் ‘தீ எரிகிறது, வந்து போடுங்கள்’ என்றால் படம் எடுப்பார், ஆணையரிடம் கருத்துக் கேட்பார், ‘மர்ம நபர்’ என்பார் ஆணையர், அப்படியே அச்சாகும். அவர் பொய் எழுதவில்லை. கேள்வி கேட்கத் தேவையான காகிதம் அவர் கையில் இல்லை, அவ்வளவே.

அந்தக் காகிதத்தை நீங்கள் கொடுங்கள். ‘கிடங்கால் பொதுமக்கள் அவதி’ என்ற செய்தியை எந்த உதவி ஆசிரியரும் படிக்காமலே வெட்டிவிடுவார். ‘ஐந்து ஆண்டில் ஒரு தடவைகூட விபத்து அறிக்கை இல்லை: ஆர்.டி.ஐ.யில் நகராட்சி ஒப்புதல்’ என்பதை வெட்ட மனம் வராது. ஒரு பக்கத்துக்குள் நடந்ததைச் சொல்லுங்கள், ஆவண நகலை இணையுங்கள், யாரிடம் என்ன கேட்கலாம் என்று இரண்டு கேள்வியையும் எழுதிக் கொடுங்கள். தீப்பிடித்த நாளில் கொடுக்காதீர்கள், அன்றைக்குப் புகைப்படம்தான் ஜெயிக்கும். ஏப்ரல் 30 கழிந்த வாரம், மன்றக் கூட்டத்துக்கு முந்தைய நாள், கோடை தொடங்கும் முன் பிப்ரவரி, இப்படி நாள் பாருங்கள். மாவட்டப் பதிப்பில் மட்டும் வந்தால் அது சென்னையின் கண்ணில் படாது. மாநிலப் பக்கத்திலோ ஆங்கில நாளிதழிலோ இணையத்திலோ வர முயலுங்கள். யூடியூப் சேனல்காரர்கள் உடனே வருவார்கள், நல்லதுதான். ஆனால் ‘புற்றுநோய் பரப்பும் கிடங்கு’ என்று தலைப்பு வைக்க விடாதீர்கள். மருத்துவ ஆய்வு இல்லாமல் அப்படிச் சொன்னால் மறுநாள் சுகாதார அதிகாரி அந்த ஒரு வரியை மறுத்தே மொத்தச் செய்தியையும் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவார். பிளாஸ்டிக் எரிந்தால் டயாக்சின் என்ற நச்சு வரும், நுண்துகள் நுரையீரலுக்குள் போகும் என்பதெல்லாம் நிறுவப்பட்ட விஷயம், அதுவே போதுமான அளவுக்குப் பயங்கரம். ‘ஊழல்’ என்ற சொல்லையும் ஆவணம் இல்லாமல் பயன்படுத்தாதீர்கள், அவதூறு வழக்கு என்பது குடியிருப்போர் சங்கத்தை முடக்கிப்போடச் சுலபமான வழி.

செய்தி வந்தபின் நிருபரை விடாதீர்கள். ‘பதினைந்து நாளில் நடவடிக்கை என்று ஆணையர் உங்களிடம் சொன்னாரே, பதினைந்து நாள் ஆகிவிட்டது’ என்று பதினாறாம் நாள் நினைவூட்டுங்கள். தொடர்செய்தி எழுத வைப்பது இதுதான்.

தவறான செய்தி வந்தால் வழி உண்டு. அச்சு ஊடகம் என்றால் முதலில் ஆசிரியருக்கு எழுத்தில் மறுப்பு அனுப்ப வேண்டும். அதற்கும் அசையாவிட்டால், நாளிதழ் என்றால் செய்தி வெளியான இரண்டு மாதத்துக்குள் இந்தியப் பத்திரிகை மன்றத்தில் புகார் செய்யலாம். மன்றம் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் போடும் அதிகாரம் கிடையாது. இணையச் செய்தித்தளங்கள் 2021 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும், பதினைந்து நாளில் அவர் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் ஒரு செய்தியைப் போடாமல் விட்டதற்காக எந்தப் பத்திரிகையையும் எங்கேயும் இழுக்க முடியாது, அப்படி இழுக்க முடிகிற நாடாக இருப்பதும் நல்லதல்ல. போடாதவர்களிடம் பலிப்பது ஒன்றுதான்: பக்கத்துப் பத்திரிகையில் முதலில் வந்துவிடுவது.

கடைசியாக, உங்கள் மனுவில் ‘கிடங்கை இங்கிருந்து மாற்று’ என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். அதிகாரிகளுக்கு இதைவிட வசதியான கோரிக்கை கிடையாது. இலங்கையில் கொழும்பின் புளூமெண்டல் குப்பைமேடு 2009 இல் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்டதும், குப்பை ‘தற்காலிகமாக’ மீதொட்டமுல்லவுக்குப் போனது. அங்கிருந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள், சரியும் என்று சொன்னார்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்று, மலையாகக் குவிந்திருந்த அந்தக் குப்பை வீடுகள் மேல் சரிந்து 32 பேர் இறந்தார்கள். அதன் பிறகு கொழும்புக் குப்பையைப் புத்தளத்து அறுவைக்காட்டுக்குக் கொண்டுபோகும் திட்டம் வேகம் பிடித்தது, புத்தளம் மக்கள் தெருவில் இறங்கினார்கள். நம் பக்கத்திலும் நகரத்துக் குப்பை கடைசியில் ஏதாவதோர் ஊராட்சி எல்லைக்குள்தான் போய் விழுகிறது. அங்கே கேட்க நாதியிருக்காது என்பதுதான் கணக்கு.

அதற்குப் பதிலாக இவற்றைக் கேளுங்கள்: இன்ன தேதிக்குப் பிறகு பிரிக்காத குப்பை அந்த வளாகத்துக்குள் வரக் கூடாது, வார்டுவாரியாக உரக்கூடம் எங்கே, எத்தனை டன் என்ற அட்டவணை, கோடைக்கு முன் மண் மூடுதலும் மீத்தேன் அளவீடும், தீ எச்சரிக்கைக்கும் புகை நாட்களில் பள்ளி விடுமுறைக்கும் முகக்கவசத்துக்கும் யார் பொறுப்பு என்று பதவிப் பெயரோடு ஓர் உத்தரவு. கிடங்கு ஊராட்சி எல்லைக்குள் இருக்கிறது என்றால் அந்த ஊர் மக்களோடு சேர்ந்து கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு வாய்ப்பு இருக்கிறது. கோடைக்கு முன் வருபவை முதல் இரண்டு. தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை உங்கள் கண்ணால் பார்த்து, நகல் வாங்கிய பிறகு எழுந்து வாருங்கள்.